மஞ்சள் புள்ளி வைத்த போல்ட்

தெருமுனையில் பாய் கடையின் குட்டியானை லோடு வண்டி இரண்டு தரம் ஆரன் அடித்தால் அது வேம்புலிக்கு. திருமழிசை எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் ஆரனுக்குப் பஞ்சமே கிடையாது. தண்ணி லாரி அடிக்கும், கேஸ் வண்டி அடிக்கும், கம்பெனி வேன்கள் அடித்துக்கொண்டே போகும். ஆனால் இந்த இரண்டு ஆரனுக்கு மட்டும் அவன் பெண்டாட்டி அங்கம்மா கரண்டியை நிறுத்திவிட்டு உள்ளே காது கொடுப்பாள். கட்டில் முனகும். பிறகு பாத்ரூமில் தண்ணீர் விழும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

வேம்புலி தலை வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வருவான்.

“நாஷ்டா துன்னுட்டுப் போய்யா. வண்டி நிக்கும்.”

“பாய் காத்துகினு கீறாரு. புச்சா ஒரு மூட்ட எறங்கியிருக்காம். மதியத்துக்கு இன்னா?”

“கருவாட்டுக் கொழம்பு. கத்திரிக்கா போட்டுக் கீறேன்.”

“ஒரு கை சோறு கூட வையி. சமீரு என் டப்பாவுலதான் கை வெக்கிறான்.”

அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு, சமீர் ஓட்டிவந்த வண்டிக்குப் போவதைத் தெரு முழுக்கப் பார்க்கும். தண்ணி பிடிக்கிறவர்கள், பல் விளக்குகிறவர்கள், எல்லோரும். “இன்னா வேம்புலி, டூட்டிக்கா?” என்று கேட்பார்கள். அவன் தலையை ஆட்டுவான். அது டூட்டி இல்லை என்று கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு தெருவே சேர்ந்து ஒரு மனிதனை ஏமாற்றுவது அப்படியொன்றும் கஷ்டமான காரியமில்லை. எல்லோரும் நல்ல எண்ணத்தோடு செய்தால் போதும்.

வேம்புலி எஸ்டேட்டில் ஒரு போல்ட் நட்டுக் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் செக்கிங்கில் இருந்தவன். மெஷினிலிருந்து விழுகிற போல்ட்டை எடுத்துத் திருகு மரை சரியாக இருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பது அவன் வேலை. மரை கெட்டதென்றால் தலைக்கு அடியில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்து ஒதுக்க வேண்டும். போன வருடம் கம்பெனி மூடியது. மெஷின்களை லாரியில் ஏற்றி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலாளி ஆளுக்கொரு சால்வை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். வேம்புலி மஞ்சள் பேனாவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

முதல் மாதம் எஸ்டேட்டில் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினான். இந்த வயசுக்கு ஆள் எடுப்பதில்லை என்று செக்யூரிட்டியே திருப்பி அனுப்பினான். பிறகு போவது குறைந்தது. பிறகு குளிப்பது குறைந்தது. கடைசியில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. ஒருநாள் மத்தியானம் ஏரிக்கரையில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனை மாடு மேய்க்கப் போன வீராசாமி பேச்சுக் கொடுத்துக் கூட்டிவந்தார். ஏன் போனாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க எல்லோருக்கும் பயம்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகப் பேசினாள். “மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதோட, காலைல எழுந்திரிக்க அவருக்கு ஒரு காரணம் வேணும். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. ஆனா நிஜமா இருக்கணும்மா.” அங்கம்மா மூன்றையும் கேட்டுக்கொண்டாள். முதல் இரண்டும் அவள் மனசில் நின்றன.

அந்தக் காரணத்தைத் தேடிக்கொண்டு அவள் போனது பூந்தமல்லிக்கு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஷஃபியுல்லா பாய் பழைய போல்ட் நட்டுக் கடை வைத்திருக்கிறார். கம்பெனி ஒதுக்கிய சரக்கை வருஷக்கணக்காக எடைக்கு எடுத்தவர். எடை போடுகிற இடத்தில் வேம்புலியோடு ஏற்பட்ட பழக்கம், ரம்ஜானுக்கு பிரியாணியும் பொங்கலுக்குக் கரும்புமாக வீடு வரைக்கும் வந்துவிட்டது.

“எங்கிட்ட பத்து வருசக் குப்ப கெடக்குது தங்கச்சி,” என்றார் பாய். “எல்லா சைசும் ஒண்ணா கலந்து கெடக்குது. வந்து பிரிக்கட்டும். லாட்டு வித்தா பங்கு தர்றேன்னு சொல்றேன். அது வரிக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என் மச்சான் கடையில கறி வாங்கிக் குடுத்தனுப்புறேன்.”

“கறிக்கு நானே துட்டு குடுத்து சொல்லி வெச்சிடுறேன் பாய். அத்த மட்டும் உங்க தலையில கட்ட மாட்டேன். அவரு கையால கொண்டாரட்டும், போதும்.”

சித்திரையில் ஆரம்பித்த வேலை அது. அப்போது எல்லாம் நிஜம்தான். வேம்புலி கோணியில் உட்கார்ந்து, சுற்றி எண்ணெய் டின்களை வைத்துக்கொண்டு, அரை இஞ்ச் தனி, முக்கால் இஞ்ச் தனி, நட்டு தனி, வாஷர் தனி என்று பிரித்தான். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு டின்தான் நிறைந்தது. மூன்றாவது வாரம் பாட்டு முணுமுணுத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறுப்புப் பையில் கறியோடு தெருவில் நடந்து வந்தபோது அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அங்கம்மா மசாலா அரைத்து, நல்லி எலும்பை அவனுக்கென்று தனியாக எடுத்துவைத்தாள்.

தீபாவளி வரை தாங்கும் என்று பாய் நினைத்த குப்பையை அவன் ஆனி முடிவதற்குள் தீர்த்துவிட்டான். அதுதான் வம்பாகப் போனது. அங்கம்மா வேலப்பன்சாவடி காலேஜ் ஹாஸ்டல் கிச்சனில் வெங்காயம் உரிக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

“தீந்துடுச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க பாய். சொன்னீங்கன்னா அவரும்...”

அவள் முடிக்கவில்லை. பாயும் முடிக்கச் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் வேம்புலியை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பிரித்த டின்களையெல்லாம் அவர் கோணியில் கொட்டினார். மண்வெட்டியால் புரட்டினார். லாரி உடைக்கிற இடத்திலிருந்து வந்த சரக்குபோல் தெரிவதற்காக ஒரு மக் பழைய ஆயிலும் இரண்டு கை புழுதியும் போட்டார். பிரித்ததை வாங்குகிற பார்ட்டி ராத்திரியே எடுத்துப்போகிறான், பணம் தீபாவளிக்கு லாட்டு முடிந்த பிறகு என்று வேம்புலியிடம் சொல்லிவைத்தார். அவர் மனைவி ரோஷன் பேகம் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஒரு ஆளு செஞ்ச வேலைய அழிக்கிறது பாவம்ங்க.”

“ஆளு இருக்கட்டும்னுதானே அழிக்கிறேன்,” என்றார் பாய். அவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

இதில் பாய் ஒன்றில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தார். மரை தேய்ந்த போல்ட்டுகளை வேம்புலி கம்பெனிப் பழக்கத்தில் மஞ்சள் புள்ளி வைத்து ஒரு சின்ன டப்பாவில் போடுவான். அதை அவர் தொடுவதில்லை. ஆவணியில் ஆவடியில் ஒரு நிக்காவுக்குப் போக வேண்டியிருந்ததால் கலக்குகிற வேலையை மகன் சமீரிடம் விட்டுப் போனார். சமீர் வண்டி ஓட்டுகிறவன், சரக்கு தெரியாதவன். எல்லா டின்னோடும் அந்த டப்பாவையும் கவிழ்த்துவிட்டான்.

மறுநாள் காலை வேம்புலி கையில் ஒரு போல்ட் வந்தது. ஆயிலைக் கட்டைவிரலால் துடைத்தான். தலைக்கு அடியில் மஞ்சள். தான்தான் எப்போதோ கை தவறிப் போட்டிருப்போம் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. எழுந்துபோய் சின்ன டப்பாவைப் பார்த்தான். காலி.

அவன் கத்தவில்லை. ஒன்றிரண்டு பீஸைப் பார்த்து ஒரு லாட்டைக் கழிக்கக் கூடாது என்பது செக்கிங்கில் அவன் கற்றது. அன்றைக்குப் பிரித்த நல்ல போல்ட்டுகளில் மூன்றை எடுத்து, தலைக்கு அடியில் யாருக்கும் தெரியாத அளவுக்குப் புள்ளி வைத்து, அரை இஞ்ச் டின்னின் அடியில் போட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். “இன்னிக்கி எத்தினி டப்பா ஆச்சு நைனா?” என்று மகள் கவிப்பிரியா கேட்டாள். தினமும் கேட்பாள். “ஆறு,” என்றான்.

அடுத்த நாள் அந்த மூன்றும் புது மூட்டையில் இருந்தன.

“பாய், இங்க வாயேன்.”

ஷஃபியுல்லா டீ கிளாஸோடு வந்தார்.

“இந்த மூட்ட எங்கேர்ந்து வந்துச்சு?”

“மாதவரத்துலேர்ந்து. லாரி ஒடைக்கிற எடம். ஏன்?”

“எப்ப வந்துச்சு?”

“நேத்து சாயங்காலம் எறக்குனாங்க.”

வேம்புலி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். “மாதவரத்துலயும் என் புள்ளியதான் வெக்கிறாங்களா பாய்?”

பாய் வியாபாரி. ஒரு பொய் போனால் இன்னொன்று எடுத்து வைக்கத் தெரிந்தவர். அன்றைக்கு டீயைக் கீழே வைத்தார்.

“எப்பலேர்ந்து?”

“ஆடி பொறந்ததுலேர்ந்து.”

“தீவாளிக்குள்ள முடிக்கணும், பார்ட்டி அவசரப்படுறான்னு சொன்னியே. அந்தப் பார்ட்டி யாரு?”

“வேம்பு, நான் சொல்றத்த கேளு நைனா...”

“ஜொரத்தோட வந்தேன் பாய் ஒரு நாளு. நீதான் போன் பண்ண. நீ வரலன்னா லாட்டு நின்னுடும்னு சொன்ன. நான் மாத்திரைய முழுங்கிட்டு வந்தேன்.”

“நீ திரும்பவும் படுத்துடக் கூடாதுன்னு சொன்னேன்.”

“ஊட்ல தெரியுமா?”

பாய் சமீரைப் பார்த்தார். சமீர் டின்களைப் பார்த்தான். வேம்புலிக்கு அது போதுமாக இருந்தது. சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தான். சமீர் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து ஆரன் அடித்தான். அவன் திரும்பவில்லை.

அங்கம்மா சாயங்காலம் வந்தபோது சோற்று டப்பா தரையில் நடுவாக இருந்தது. தூக்கினாள், கனத்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

“இன்னாய்யா, சீக்கிரம் வந்துட்ட. ஒடம்பு சொகமில்லியா?”

“சொகமாத்தான் கீறேன். அதுக்குத்தானே எல்லாரும் இவ்ளோ பாடுபட்டீங்க.”

கவிப்பிரியா படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள்.

“ஞாயித்துக்கெழம கறி யாரு வாங்குனது?” என்று கேட்டான் வேம்புலி.

அங்கம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “நான்தான் கடையில சொல்லி வெச்சேன்.”

“சொல்லி வெச்சிட்டு, நான் கொண்டாந்ததும் நல்லி எலும்ப எடுத்து எனக்குப் போட்ட. சம்பாரிச்சுகினு வர்ற ஆம்பளைக்குப் போடுற மாதிரி.”

“சந்தோசமாத்தான்யா போட்டேன். அது பொய்யில்ல.”

“எது பொய்யி, எது பொய்யில்லன்னு எனக்கு எப்பிடித் தெரியும் சொல்லு.”

“நீ செவுத்தப் பாத்துகினு படுத்திருந்தியே, அப்ப நான் இன்னா பாடு பட்டேன்னு உனுக்குத் தெரியுமா? வேலவுட்டு வந்து கதவத் தட்டுவேன். உள்ள சத்தம் வர்ற வரிக்கும் உசுரு எங்கிட்ட இருக்காது. வெங்காயம் உரிக்கிறப்ப அழுவுறேன்னு எல்லாரும் நெனச்சாங்க.”

“வேலை இல்லன்னு சொல்லியிருந்தா நான் வேலையில்லாத ஆளு. அவ்ளோதான், அத்தோட முடிஞ்சுது. இப்ப நான் இன்னா அங்கம்மா? கொழந்தைக்குச் சொப்பு சாமான் குடுத்து உக்கார வெக்கிற மாதிரி உக்கார வெச்சிருக்கீங்க. தெருவே பாத்துகினு இருந்துச்சு. டூட்டிக்கான்னு வேற கேட்டானுங்க.”

“நைனா,” என்றாள் கவிப்பிரியா, “டாக்டர்தான் ஒரு காரணம் வேணும்னு...”

“நீயும் தெரிஞ்சுகினுதான் கேட்டியா? எத்தினி டப்பா ஆச்சுன்னு?”

அவள் தலை குனிந்தாள். “அத்தச் சொல்றப்பதான் நைனா உன் மூஞ்சி நல்லா இருக்கும்.”

அவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். அங்கம்மா பழைய இடத்துக்கே வந்து நின்றாள்.

இதில் யார் பக்கம் பேசுவது என்று தெருவில் இன்னமும் தகராறு உண்டு. புருஷனைக் காப்பாற்றத்தானே செய்தாள் என்பார்கள். என்னைக் கேட்டால் நான் வேம்புலி பக்கம்தான். எல்லோரும் அவன் உயிரைப் பார்த்தார்கள். அந்த உயிருக்குள் ஒரு செக்கிங் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே தூறல். ஆரன் வரவில்லை. பாய்க்கு வண்டி அனுப்ப முகமில்லை. அங்கம்மா எழுந்து பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது, கதவு ஒருக்களித்திருந்தது, வாசலில் அவன் செருப்பு இல்லை.

“கவி, போன் போடு. எல்லாருக்கும் போடு,” என்று சொல்லிவிட்டு ஏரிக்கு ஓடினாள். கரை சேறாகக் கிடந்தது. அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. குனிந்து கரையில் செருப்பைத் தேடினாள். புதர் ஓரத்தில், கல்லுக்குப் பின்னால், மதகுப் பக்கம். எருமைக் குளம்புத் தடம்தான் இருந்தது. இல்லை என்பது நல்லதா கெட்டதா என்றுகூட அவளுக்கு யோசிக்க முடியவில்லை. பொய் சொல்லிக் கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டே அழுதாள். இடுப்பில் போன் அடித்தது. சமீர்.

“ஆன்ட்டி, அங்கிள் இங்கதான் கீறாரு. நாங்க கட தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து ஷட்டராண்ட நின்னுகினு இருந்தாரு.”

அங்கம்மா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தாள். “இன்னா பண்றாரு?”

“கட்டுக்கம்பியும் குறடும் கேட்டாரு. குடுத்தேன். மூட்டையக் கொட்டிப் பிரிச்சுப் பிரிச்சுக் கோத்துகினு கீறாரு. அத்தாவ உள்ள வர வாணாங்கிறாரு. அவரு மழையில ரோட்ல நிக்கிறாரு ஆன்ட்டி.”

அவள் போய்ச் சேர்ந்தபோது அது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ரோட்டோரம், தன் கடைக்கு வெளியே, ஷஃபியுல்லா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வேம்புலி கோணியில் உட்கார்ந்து நட்டுகளை சைஸ் வாரியாகக் கம்பியில் கோத்து, நுனியைக் குறடால் முறுக்கினான். போல்ட்டுகளை டஜன் டஜனாகக் கட்டினான். கட்டியதையெல்லாம் எழுந்துபோய் ஷட்டர் ஓரத்துக் கொக்கியில் மாட்டினான். கொக்கிகள் பாதி நிறைந்திருந்தன.

“வேம்பு, தப்புதான். உள்ள வரட்டுமா?” என்றார் பாய்.

“வா. உன் கட. ஆனா இனிமே கொட்டிக் கலக்கணும்னா கம்பிய அறுக்கணும். அறுத்தா எனக்குத் தெரியும்.”

அந்த நேரத்தில்தான் லேத்துப் பட்டறை இளங்கோ பைக்கை நிறுத்தினான். அவன் வந்தால் வழக்கமாக மூட்டைக்குள் கைவிட்டு அரைமணி நேரம் துழாவுவான். கொக்கியை அண்ணாந்து பார்த்தான்.

“இன்னா பாய், கடைய மாத்திட்டியா? இப்பிடித் தொங்கவுட்டா நாங்க ஏன் மூட்டையில கைய கிழிச்சுக்கப் போறோம். அந்த அரை இஞ்ச்சு நட்டு ஒரு சரம் எடு.”

பாய் கையை நீட்டினார். வேம்புலி அவரைத் தாண்டிப் போய் அவனே எடுத்தான். ஒவ்வொரு நட்டாக விரல் விட்டுப் பார்த்தான். ஒன்றில் மரை சந்தேகமாக இருந்தது. கம்பியைப் பிரித்து, அதைக் கழற்றிப் போட்டு, வேறொன்று கோத்து முறுக்கிக் கொடுத்தான். இளங்கோ அதை பைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். வேம்புலி தூறலில் இறங்கி நின்று, பைக் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்தான்.

“போயிடுச்சு,” என்றான். “அது திரும்பி வராது.”

ஆடி பிறந்த பிறகு அவன் பிரித்ததில் கடையை விட்டு வெளியே போனது அந்த ஒரு சரம்தான். பிரித்ததை ஒரே ஒரு நாள் வாசலில் தொங்கவிட்டிருந்தால் விற்றிருக்கும் என்பது பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அதைக் கலக்குவதிலேயே அவர் கவனம் இருந்தது. குடையை மடக்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வேம்புலி அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவன் பார்வை அங்கம்மாவின் புடவைக் கரையில் நின்றது. முழங்கால் வரைக்கும் சேறு.

“ஏரிக்குப் போனியா?”

“போனேன்.”

“இது ஒண்ணுதான் எங்கிட்ட மறைக்காம பண்ணியிருக்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கோணியில் போய் உட்கார்ந்தான். அங்கம்மா ஒரு ஓரமாகக் குந்தினாள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. சமீர் டீயும் பொறை பிஸ்கட்டும் வாங்கிவந்தான். வேம்புலி டீயை மட்டும் எடுத்துக்கொண்டான். பாய் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி நறுக்கிக் கொடுத்தார். நீளம் சரியில்லையென்றால் வேம்புலி பேசாமல் திருப்பிக் கொடுத்தான், அவர் வேறு நறுக்கினார். இருபது வருடப் பழக்கம் அன்றைக்கு அவ்வளவில் நின்றது.

விளக்கு வைத்த நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், வேறு வேறு சீட்டில்.

வீட்டில் அங்கம்மா அரிசி போட்டு, மிளகு ரசம் வைத்து, அப்பளம் பொரித்தாள். கவிப்பிரியா மாத்திரையை எடுத்துவந்தாள். அவன் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

“இது டாக்டரு குடுத்ததுதானா?”

“அதேதான் நைனா. சீட்டு வேணும்னா காட்டட்டுமா?”

“காட்டு.”

சீட்டையும் அட்டையையும் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்த பிறகு மாத்திரையை விழுங்கினான். அவள் டப்பாக் கணக்கைக் கேட்கவில்லை. அவனே சொன்னான். “ஒரு சரம் போச்சு கவி. நெசமாவே போச்சு.”

“அம்மா சொன்னிச்சு நைனா.”

“அம்மா சொன்னத்த வுடு. நான் சொல்றேன்.”

அங்கம்மா தட்டை வைத்தாள். அவளைப் பார்க்காமலேயே பேசினான்.

“நாளைலேர்ந்து ஆரன் அடிக்க வாணாம்னு பாயாண்ட சொல்லிடு. நான் பஸ்ல பூடுறேன். அங்க வேலை கீதா இல்லியான்னு நானே பாத்துக்கறேன். இல்லன்னா இல்லன்னு எனக்குத் தெரியட்டும்.”

“சரிய்யா,” என்றாள். “உக்காரு. சோறு சூடா கீது.”

அவன் உட்காரவில்லை. குனிந்து, புறங்கையைச் சோற்றுப் பானையில் வைத்துப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டான்.

அங்கம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவன் சாப்பிட்டான், இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினான். அவளுக்கு அது போதும், அதற்காகத்தான் எல்லாம் செய்தாள். மறுநாள் சாயங்காலமும் அவள் சோறு சூடாக இருக்கிறது என்று சொன்னாள். மறுநாளும் அவன் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.